இரண்டு ஒளிப்புள்ளிகள்

கிருபாசங்கர் எதனையும் சோதித்துப் பாராமல் ஏற்றுக்கொள்ளாதவன். கோவையை அடுத்த கணபதியில் மோட்டார் பம்புகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் அவனுக்கு வேலை. கடைந்து வரும் ஷாஃப்டுகளை, அதாவது சுழல்தண்டுகளை, மைக்ரோமீட்டரால் அளந்து, சரியானவற்றின்மேல் பச்சைச் சீட்டும் பிழைபட்டவற்றின்மேல் சிவப்புச் சீட்டும் ஒட்டுவான். சிவப்புச் சீட்டு ஒட்டிய பொருளை மறுமுறை கையில் எடுக்கமாட்டான். வீட்டிலும் அவன் அப்படித்தான். பூட்டிய பூட்டைப் பலமுறை இழுத்துப் பார்த்த பின்னரே படியிறங்குவான். மனைவி லோகப்பிரியாவைக் கைபேசியில் அழைத்து, மணி ஒலிக்கத் தொடங்கியதும் துண்டித்துவிட்டு, அவளாகத் திருப்பி அழைக்கிறாளா என்று காத்திருப்பான். அழைக்கத் தாமதமாயின் அன்று முழுவதும் பேசமாட்டான். அவன் கொடியவன் அல்லன். அன்பும் அளவுக்குள் அடங்கும் பொருளென்று நம்பியிருந்தான், அவ்வளவே.

"ஏனுங்க, நானென்ன உங்க பம்பு ஷாஃப்டுங்களா, தெனமும் அளந்து பாக்கறதுக்கு?" என்று லோகப்பிரியா ஒரு நாள் கேட்டாள். அடுத்த வாரமே எட்டு வயது மகள் வர்ணிகாவை அழைத்துக்கொண்டு, துடியலூரிலிருந்த தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். வழக்கு குடும்பநல நீதிமன்றத்துக்குச் சென்றது. இரு வாரங்களுக்கு ஒரு முறை, சனிக்கிழமை பிற்பகலில், நீதிமன்ற வளாகத்தில் குழந்தைகளுக்கென ஒதுக்கப்பட்ட அறையில் ஒரு மணி நேரம் தந்தை மகளைச் சந்திக்கலாம் என்று உத்தரவாயிற்று.

அந்த அறைக்கு அவன் இரண்டே முறை சென்றான். அது நீளமான கூடம். ஒரு கோடியில் வாயில். மறு கோடியில் பாய் விரித்து விளையாட்டுப் பொருள்களைப் பரப்பியிருந்தார்கள். வேறு தந்தைமார் பாயருகே சென்று மண்டியிட்டுத் தத்தம் குழந்தைகளைப் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தார்கள். கிருபாசங்கர் வாயிலிலேயே நின்றான். தன்னைக் கண்டதும் வர்ணிகா தானாக எழுந்து ஓடிவருகிறாளா என்று அறிய விரும்பினான். வர்ணிகா தலை நிமிர்ந்தாள். அவன் நின்ற திசையை நேராகப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. மீண்டும் குனிந்து மரக்கட்டைகளை அடுக்கத் தொடங்கினாள். அவன் ஒரு சொல்லும் சொல்லாமல் திரும்பிவிட்டான். அடுத்த முறை கையை உயர்த்தி அசைத்துப் பார்த்தான். அப்போதும் அவள் பார்த்தாள், அப்போதும் குனிந்துகொண்டாள்.

"ஏம்புள்ளைக்கு என்னையப் புடிக்கலீங்க. அவங்கம்மா சொல்லிக் குடுத்துக் கெடுத்துப்போட்டா" என்று வழக்கறிஞரிடம் கூறிவிட்டு, அதன்பின் அந்த வளாகத்தில் அவன் கால் வைக்கவில்லை. ஆயினும், சந்திப்புக்கு முந்திய ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் லோகப்பிரியாவிடமிருந்து கைபேசிக்கு ஒரே வரி வந்துகொண்டிருந்தது: 'நாளைக்கு வர்ணிய கூட்டிட்டு வாரேன்.' நீதிபதியிடம் காட்டுவதற்காக அனுப்புகிறாள் என்று எண்ணி, அவன் ஒரு முறையும் விடை எழுதவில்லை.

சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டதாகத்தான் நினைத்தான். ஆனால் மகள் பம்புக்குரிய உறுப்பு அல்லளே. காலைப் பணிக்கு மாற்றிக்கொண்டு, மாலைதோறும் துடியலூருக்குப் பேருந்து ஏறத் தொடங்கினான். மேட்டுப்பாளையம் சாலையில் பள்ளி வேன் வந்து நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு பேக்கரி உண்டு. அதன் மாடியில் தேநீரை வைத்துக்கொண்டு, வாகனங்களுக்கு இடையே வர்ணிகா இறங்கிப் போவதைத் தன் பழைய கேமராவால் படமெடுத்துக்கொள்வான். அந்தக் கேமராவில் இருந்தது கூடவே வந்த சிறிய லென்ஸ். பெரிதாக்கினால் முகம் கரைந்துபோகும். அதுமட்டுமன்று; கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் பல படங்களில் இரண்டு ஒளிப்புள்ளிகள் விழுந்திருந்தன. லென்ஸை மஸ்லின் துணியால் துடைத்தான். எதிர்க்கடைப் பெயர்ப்பலகையைப் படமெடுத்துச் சோதித்தான். பலகையில் புள்ளி விழவில்லை. மாலை வெயில் பட்டால் மலிவான கண்ணாடி இப்படித்தான் ஒளியைச் சிதறடிக்கும் என்று முடிவு செய்தான். பழுது லென்ஸில்தான், ஐயமில்லை.

ஒரு நாள் காலை முகம் மழித்துக்கொண்டிருந்தபோது, வர்ணிகாவின் மச்சம் இடப்புருவத்தின்மேலா வலப்புருவத்தின்மேலா என்பது அவனுக்கு நினைவு வரவில்லை. கத்தி கன்னத்தில் கீறிவிட்டது. இருந்த படங்களையெல்லாம் விரித்து விரித்துப் பார்த்தான். எல்லாவற்றிலும் வெறும் கறையே தெரிந்தது. பெற்ற மகளின் முகம் தன்னுள்ளிருந்து அழிந்துகொண்டிருப்பதை அன்றுதான் உணர்ந்தான். வேலை முடிந்ததும், தொலைவை அருகே காட்டும் லென்ஸ் தேடி நேரே காந்திபுரத்துக்குப் போனான்.

கேமராக் கடைக்காரர் ரிஃபத் நாற்பதைக் கடந்தவர், வாய் ஓயாதவர். கண்ணாடி அலமாரியிலிருந்து முழங்கை நீளமுள்ள வெண்ணிற லென்ஸ் ஒன்றை, பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரு கைகளாலும் தூக்கி வைத்தார்.

"பறவைப் படம் எடுக்கத்தானுங்களே?"

"ஆமாங்க" என்றான் கிருபாசங்கர்.

"எந்தக் குளமுங்க? சிங்காநல்லூருங்களா?"

"அங்கதானுங்க."

"அங்க இப்ப என்ன பறவைங்க வருது?"

அவன் விழித்தான். "கொக்குங்க" என்றான்.

ரிஃபத் சிரித்துவிட்டார். "கொக்குக்கு ரெண்டே கால் லட்சமுங்களா? கொக்குக்கே வெக்கமாப் போயிருமுங்க. உங்க ஊட்ல அம்மணி ஒண்ணுஞ் சொல்ல மாட்டாங்களா?"

"சொல்ல மாட்டாங்க."

"குடுத்து வெச்சவருங்க நீங்க. நானெல்லாம் ஒரு டிரைபாட் ஸ்டாண்டை எடுத்துட்டுப் போனாவே ரெண்டு நாளைக்குச் சோத்துல உப்பு இருக்காது."

கிருபாசங்கர் சிரிக்கவில்லை. அவன் கையிலிருந்த ஒரே சேமிப்பு வர்ணிகாவின் பெயரில் போட்டுவைத்த வைப்புத்தொகை. அவளுக்கென்று வைத்ததை உடைத்து அவள் முகத்தைப் பார்ப்பதா என்று ஒரு கணம் நெஞ்சு கூசிற்று. உடைக்காவிட்டால் அந்த முகமே இல்லாமற்போகும் என்ற அச்சம் அந்தக் கூச்சத்தை விழுங்கிவிட்டது. ஆயினும் பழக்கம் விடவில்லை.

"ஒரு தடவை சோதிச்சுப் பாத்துட்டு வாங்கிக்கலாமுங்களா?"

"வாடகைக்கு எடுத்துட்டுப் போயிப் பாருங்கோ. ஆனா சனிக்கெழமை காலைல கொண்டாந்துருங்க. ஊட்டிக்காரர் ஒருத்தர் இதைக் கேட்டுட்டு இருக்கறாரு. நீங்க வேண்டாம்னா அவருக்குக் குடுத்துப்போடுவேன்."

வெள்ளிக்கிழமை மாலை பேக்கரி மாடியில் அந்தக் கனத்த லென்ஸைக் கைப்பிடிச் சுவரின்மேல் ஊன்றிக் காத்திருந்தான். வேன் வந்தது. வர்ணிகா இறங்கினாள். லென்ஸ் ஒரு நொடி தடுமாறிப் பின் தெளிந்தது. சாலைக்கு அப்பாலிருந்த முகம், கையை நீட்டினால் தொட்டுவிடலாம் என்னும்படி அருகே வந்து நின்றது. மச்சம் இடப்புருவத்தின்மேல் இருந்தது. அவள் மூக்குக்கண்ணாடி அணிந்திருந்தாள்.

அவன் விரல் தன்போக்கில் அழுத்திக்கொண்டே இருந்தது. அவள் திருப்பத்தில் மறைந்த பிறகுதான் கேமராவைத் தாழ்த்தினான். அப்படியானால் அந்த ஒளிப்புள்ளிகள் லென்ஸின் பழுது அல்ல. எத்தனையோ மாதங்களாக அவள் கண்ணாடியில் பட்டுத் திரும்பிய வெயிலையே அவன் பழுதென்று எண்ணியிருந்திருக்கிறான். மகளுக்குக் கண்ணில் குறை நேர்ந்திருக்கிறது. தந்தைக்கு ஒருவரும் சொல்லவில்லை. சினம் வந்தது. இந்த லென்ஸ் இருந்தால் இனி ஒருவர் சொல்ல வேண்டியதில்லை. அவள் இளைத்தாலும், அழுதாலும், பல் விழுந்தாலும் தானே தெரிந்துகொள்ளலாம். வாங்கிவிடுவதென்று அங்கேயே உறுதி செய்தான். கைபேசியில் அந்த ஒரு வரி வந்திருந்தது. அதைப் படித்துவிட்டு, வழக்கம்போல் மூடிவிட்டான்.

சனிக்கிழமை கடை திறக்கும்போதே போய் நின்றான்.

"எடுத்துக்கறனுங்க" என்றான்.

"பாருங்க, கொக்கு உங்களை உடலீங்க. எங்க, எப்புடி வந்துருக்குதுன்னு காட்டுங்க" என்று ரிஃபத் கேமராவை வாங்கிப் படங்களைத் திறந்தார். முதற்படம் வந்தது. அடுத்ததைத் தள்ளினார், அதற்கடுத்ததையும் தள்ளினார். முகத்திலிருந்த சிரிப்பு வடிந்துபோயிற்று. கேமராவைத் திருப்பிக் கொடுக்காமல் மேசைக்கு உட்புறமாக வைத்துக்கொண்டார்.

"யாருங்க இந்தப் பாப்பா?"

"ஏம் பொண்ணுங்க."

"பறவைன்னு சொன்னீங்க."

"பொய் சொல்லிப்போட்டனுங்க."

"எனக்கும் இந்த வயசுல ஒரு பொண்ணு இருக்குதுங்க." ரிஃபத்தின் குரல் உயரவில்லை, மரியாதையும் குறையவில்லை. "மாடியில ஒளிஞ்சுட்டு ஒருத்தர் அவளை இப்புடிப் படம் புடிச்சாருன்னா, அவரை நான் சும்மா உட மாட்டேன். சொல்லுங்க, போலீசைக் கூப்புடட்டுங்களா?"

தான் அமர்ந்திருந்த மாடியும், மறைத்துப் பிடித்த லென்ஸும், சிறுமியின் முகமும் ஒரு பிறத்தியார் கண்ணுக்கு எப்படித் தோன்றும் என்பதைக் கிருபாசங்கர் அதுவரை நினைத்தே பார்த்ததில்லை. "சத்தியமா ஏம் புள்ளைங்க. வர்ணிகான்னு பேரு. கோர்ட்டுல கேசு நடக்குதுங்க. காதைப் பாருங்க, ஏங்காது மாதிரியே இருக்கும். பெரிசு பண்ணிப் பாருங்க" என்று கெஞ்சினான்.

ரிஃபத் கேமராவை இருவருக்கும் தெரியுமாறு திருப்பிப் படத்தைப் பெரிதாக்கினார். காது வந்தது. மடலின் மேல்விளிம்பு அவனுடையதைப் போலவே சிறிது மடங்கியிருந்தது. ரிஃபத் அவன் காதையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சற்றுத் தணிந்தார்.

"செரிங்க, உங்க புள்ளைதான். அப்பறம் எதுக்குங்க அத்தனை தொலைவுல இருந்து பாக்கறீங்க? பக்கத்துல போகலாமல்ல?"

கிருபாசங்கரின் கண் திரையிலேயே நிலைத்திருந்தது. ஷாஃப்டின் விளிம்பில் மயிரிழை பிசகினாலும் கண்டுகொள்ளும் கண் அது. காதுக்கு முன்னே இறங்கும் கன்னத்தின் கோடு, கண்ணாடிக்குள் புகும் இடத்தில் உட்பக்கமாக முறிந்து, கண்ணாடியைக் கடந்ததும் மீண்டும் தன் இடத்துக்கு வந்தது. கண்ணாடிக்குள் கண்கள் சிறுத்துத் தெரிந்தன. விளிம்பு தடித்திருந்தது. தொலைவில் உள்ளது தெரியாத கிட்டப்பார்வைக்குப் போடுவது, அதுவும் சிறிய குறைக்கு அன்று. அந்த நீண்ட கூடத்தில் அவள் இக்கண்ணாடி அணிந்திருக்கவில்லை. வாயிலில், வெயிலைப் பின்னால் வைத்துக்கொண்டு, ஓர் ஆள் அசையாமல் நின்றிருந்தான். அவள் பார்த்தாள். அவள் கண்ணுக்கு அங்கே என்ன தெரிந்திருக்கும்? ஒரு நிழல். அடுத்த முறை, கையை அசைத்த ஒரு நிழல். ஒரு தரம், வீட்டில் மகளை அழைப்பதுபோல், 'அம்மணி' என்று அவன் கூப்பிட்டிருந்தால் போதும்.

அவன் கூப்பிடவில்லை, சோதித்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, என்ன ஆச்சு? உக்காருங்க" என்று ரிஃபத் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அவன் அமர்ந்தான். தான் போகாத சனிக்கிழமைகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. 'கூட்டிட்டு வாரேன்' என்ற அந்த வரி பொய்யாக இருந்தாலாவது தேவலையே என்று மனம் ஏங்கிற்று. மெய்யாயின், வர்ணிகா ஒவ்வொரு முறையும் வந்து, அந்தப் பாயில் அமர்ந்து, மற்றக் குழந்தைகளின் தந்தைமார் வருவதைப் பார்த்திருப்பாள். பிற்பாடு கண்ணாடியும் போட்டுக்கொண்டு, வாயிலைத் தெளிவாகவே பார்த்திருப்பாள். வாயில் வெறுமையாக இருந்திருக்கும். இந்நேரம் அந்தச் சிறுமியும் தன் தந்தையின்மேல் ஒரு சிவப்புச் சீட்டை ஒட்டியிருக்கக்கூடும். அப்படி ஒட்டியிருந்தால் அதைப் பிழையென்று சொல்ல அவனுக்கு வாய் இல்லை. எத்தனை விலையுள்ள லென்ஸும் அதை அவனுக்குக் காட்டாது. அருகே போனால்தான் தெரியும். அவன் எல்லாவற்றையும்விட அஞ்சியது அதற்குத்தான்.

"ஊட்டிக்காரரு போன் பண்ணிட்டே இருக்கறாருங்க" என்றார் ரிஃபத், தயங்கியவாறு. "என்ன சொல்லட்டுமுங்க?"

கிருபாசங்கர் லென்ஸைக் கேமராவிலிருந்து கழற்றி, மூடியைப் பொருத்தி, மேசைமேல் வைத்தான். மூடி சரியாகப் பொருந்திற்றா என்று இழுத்துப் பார்க்கவில்லை.

"அவருக்கே குடுத்துருங்க. எனக்கு வேண்டாமுங்க. மத்தியானம் கோர்ட்டுல அந்த ரூமுக்குப் போறேன். வாசல்ல நிக்காம, பாய்க்குப் பக்கத்துல போயி உக்காந்துக்கறனுங்க" என்றான்.