இடப்பக்கத்துப் படி

ஜீப் என்பது ரப்பர் ஷீட்டும் எரு மூட்டையும் ஏற்றுவதற்கு, நம் ஆட்கள் ஏறுவதற்கல்ல என்று, ஜீப் வாங்கச் சொன்ன என் மனைவி ஆனந்தலட்சுமியிடம் இரண்டு தரம் சொன்னவன் நான். தாலுகா ஆபீஸில் முப்பது வருஷம் குப்பை கொட்டிய எனக்குக் கார்தான் கௌரவம். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு.

போன வருஷம் ஜூன் மாதத்து இடவப்பாதி மழையில் அவளுக்கு நெஞ்சு வலித்தது. கள்ளிக்காடு ஊருக்கு மேலே எங்கள் வீட்டிலிருந்து ரோட்டுக்கு ஒரே மண்பாதை. கார் சேற்றில் புதைந்து நாற்பது நிமிஷம் நின்றது. ஆட்கள் வந்து தள்ளியபோது, என் சட்டையைப் பிடித்திருந்த அவள் கை தளர்ந்துவிட்டது.

இந்த வருஷம் மழைக்கு முன்னால் ஜீப் வாங்கப் புறப்பட்டேன். "இனி யாருக்குப்பா?" என்று மகள் ஷீஜா போனில் கேட்டாள். எரிந்து விழுந்தேன்.

காட்டாக்கடையில் பழைய வண்டி விற்கும் பொன்னையனின் ஷெட்டில் நாலு ஜீப் நின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் படுத்துத் துரு பார்த்தேன். மண்மேட்டில் ஏற்றி, நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிறதா என்று பார்த்தேன். ஓரத்தில் நின்ற பச்சை ஜீப்தான் தேறியது. சேற்று டயர், புதைந்தால் கம்பி கட்டி இழுக்க முன்னால் வின்ச், எல்லாம் இருந்தது. ஆனால் இடப்பக்கம் தரையை ஒட்டி ஒரு இரும்புப் படி. பிடித்து ஏற ஒரு கம்பி, அதில் மெத்தென்று துணி சுற்றியிருந்தது.

"எலே பொன்னையா, இவ்வளவு தாழ்த்திப் படி வச்ச மடையன் யாரு? கல்லுல தட்டாதா?"

"சாரே, அது உங்க வீட்டு அக்கா சொன்னதாக்கும். முட்டு வலி உண்டு, ஒசரமா வச்சா ஏற முடியாதுன்னு, இஞ்ச வந்து காலை வச்சுப் பாத்து அளவு சொன்னாவ. சாரைச் சம்மதிக்க வச்சுக் கூட்டியிட்டு வாறேன்னு போனவ, பொறவு காணல்ல. ரெண்டு வருஷமாச்சு. வாற ஆளெல்லாம் படியப் பாத்துட்டுப் போயிருவான்." அவன் சிரித்தான். "அக்காக்குச் சொகந்தானே?"

அவனுக்குத் தெரியாது. யாரும் சொல்லியிருக்கவில்லை.

"சொகம்" என்றேன்.

"வேண்டாம்னா இப்பமே அறுத்துக் களையலாம் சாரே."

"கெடக்கட்டு."

வீட்டுப் பாதையில் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. வாட்சைப் பார்த்துவிட்டுக் கியரை மாற்றினேன். கார் புதைந்த இடத்தை ஜீப் நிற்காமல் தாண்டியது. பள்ளம் வரும்போதெல்லாம் இடப்பக்கத்துப் படி கல்லில் தட்டியது. யாரோ கால் வைத்து ஏறுவது போலவே இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது, ஆனாலும் அந்தத் தட்டல் நின்றுவிடக் கூடாது என்று தவித்தேன்.

முற்றத்தில் நிறுத்தி வாட்சைப் பார்த்தேன்.

"நாலு நிமிஷம், லட்சுமி" என்றேன் காலி சீட்டிடம்.

மழையில் நனைந்தபடி சுற்றிப் போய் இடப்பக்கம் நின்றேன். முட்டு வலிக்காரி, இறங்க நேரமாகும்.