டிரைவர் மனைவியின் ஓட்டம்

கேக் கடையில் கிரீம் பூ வைக்கிற வேலை அவளுக்கு. ஒரு நாள் பெரியவர் ஒருவர், பேத்திக்கென்று சொல்லிச் செய்த கேக்கை மேசையிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடியவள், தெருமுனையில் அவரைப் பிடித்தும் விட்டாள். ஆனால் "சார்" என்கிற ஒரு சொல் வாயைவிட்டு வர மறுத்தது. மூச்சு அப்படி வாங்கியது. பெரியவர் பதறிப்போய் அவளைப் படியில் உட்காரவைத்துத் தன் பாட்டில் தண்ணீரைக் கொடுத்தார். ஆம்புலன்ஸைக் கூப்பிடவா என்று வேறு கேட்டார்.

அவளுக்கு மானமே போய்விட்டது. கல்லூரியில் தொடர் ஓட்டத்தின் கடைசி ஆள் அவள்தான். மற்ற மூவரும் கோட்டை விட்டதையெல்லாம் மீட்டுக் கொடுக்கிற ஆள். ஓடாதே என்று யாரும் சொல்லவில்லை. கல்யாணம், இரண்டு பிள்ளைகள், வேலை என்று நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டதில் வருஷங்கள் ஓடிவிட்டன. அவள்தான் ஓடவில்லை.

மறுநாள் விடிந்ததும் பரணிலிருந்து பழைய ஷூவை இறக்கினாள். பஸ் டிரைவரான கணவர் அதற்குள் டிப்போவுக்குப் போயிருந்தார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நாத்தனார் இருந்தாள்.

"அண்ணன்கிட்ட சொல்லட்டுமா அண்ணி?"

"வேண்டாம்மா. சிரிச்சே கொன்னுடுவார். முதல்ல ஓடிப் பார்க்கறேன்."

நூலகத்தைத் தாண்டவில்லை, வலது ஷூவின் அடிப்பாகம் வாயைப் பிளந்தது. பசை எந்தக் காலத்திலோ காய்ந்து போயிருக்க வேண்டும். சப்ளக், சப்ளக் என்று அது அடித்த தாளத்துக்குப் பேப்பர் போடுகிறவர் சைக்கிளை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். போதாக்குறைக்கு இடதும் கழன்றது. இரண்டையும் கையில் பிடித்தபடி சாக்ஸோடு வீடு வந்தவளைப் பார்த்து நாத்தனார் சிரித்த சிரிப்பில் பிள்ளைகள் விழித்துக்கொண்டார்கள்.

புது ஷூ வந்தது. கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை. தொடை இரண்டும் பிடித்துக்கொண்டு வலிக்க, மாடிப்படியில் நண்டு மாதிரி பக்கவாட்டில் ஏறினாள். என்ன ஆச்சு என்று கேட்ட கணவரிடம், கடையில் தட்டெல்லாம் ஒரே கனம் என்று அளந்துவிட்டாள். போகப் போக மூச்சு வழிக்கு வந்தது. கால்கள் தாமாகவே அடுத்த தெருவையும் கேட்க ஆரம்பித்தன.

அப்படித்தான் ஒரு காலையில் பெரிய சாலைக்கு வந்தாள். பின்னால் ஹாரன் சத்தம். திரும்பினால் கணவருடைய பஸ். அவர் ஒரு தடவை பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

பஸ் அவளைத் தாண்டிப் போய் நிறுத்தத்தில் நின்றது. ஆட்கள் ஏறி முடிப்பதற்குள் இவள் பஸ்ஸைத் தாண்டினாள். அடுத்த நிறுத்தத்திலும் அதே கதை. அது டிரைவரின் வீட்டுக்காரி என்று கண்டக்டர் போட்டு உடைக்க, பஸ் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. இரவு வேலை முடிந்து தூங்கி வழிந்துகொண்டிருந்த நர்ஸ்கூட ஜன்னலில் தலையை நீட்டி, விடாதீங்க அக்கா என்றாள். டிரைவர் மட்டும் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. மீசைக்கடியில் சிரிப்பை அடக்கத்தான் படாதபாடு பட்டார்.

மார்க்கெட் நிறுத்தத்தில் ஒருவர் ஆளுயரப் பூந்தொட்டியோடு ஏறினார். தொட்டி வாசலில் மாட்டிக்கொண்டது. அது போதும் அவளுக்கு. சிரிப்பு பொத்துக்கொண்டு வர, விலாவைப் பிடித்துக்கொண்டே ஓடி, கடைசி நிறுத்தத்தின் கம்பத்தைத் தொட்டாள். பஸ் அப்புறம்தான் வந்து சேர்ந்தது. இறங்கியவர்கள் கைதட்டினார்கள். தோற்ற கட்சிதான் அதிகமாகத் தட்டியது.

கணவர் இறங்கி வந்தார்.

"காலேஜ்ல ஓடினேன்னு நீ சொன்னதுல பாதி கதைன்னு நினைச்சிருந்தேன்."

"இப்போ?"

"அந்தப் பாதியையும் நம்பறேன். ஏறு, போற வழியில இறக்கி விடறேன்."

"நீங்க மெதுவா வாங்க," என்று சொல்லிவிட்டு, வந்த வழியே மறுபடி ஓட ஆரம்பித்தாள்.