பனியனில் இருந்த ஊர்

மண்ணரையில் அர்த்தநாரியின் பிரிண்டிங் பட்டறையில் அன்று ஓடியது கறுப்பு பனியன். நெஞ்சில் படமில்லை, பெயரில்லை. மேலே 38.72, கீழே 9.14. செக்கிங் நதியா முதல் பீஸை வாங்கி இலக்கங்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டாள். மேசையில் வேலை தொடங்கியது.

இது என்ன எண் என்று அவள் கேட்டதற்கு ஒருவன் விலை என்றான், இன்னொருவன் லாட்டரி என்றான். ஆர்டர் கொடுத்த கம்பெனியிலிருந்து வந்திருந்த பரணி மட்டும், உலக வரைபடத்தில் ஏதோ ஓர் ஊர் இருக்கும் இடம் அது, அந்த ஊர்க்காரர்கள் வாங்கிப் போடுவார்கள் என்றான். எந்த ஊர் என்று அவனுக்கும் தெரியவில்லை.

அது அவளை விடவில்லை. பதினோரு மணி டீக்கு விட்டதும் போனில் மேப்பைத் திறந்து எண்களைப் போட்டாள். திரை முழுக்க நீலம். மத்தியதரைக் கடலில், சார்டினியா என்ற தீவுக்குத் தெற்கே வெறும் தண்ணீர். கடலுக்குள் யார் குடியிருக்கிறார்கள்? எண்களை முன்பின்னாக மாற்றினாள். எத்தியோப்பியாவில் அடிஸ் அபாபாவை ஒட்டிய மலைப்பக்கம் வந்தது. பெரிய ஊரை விட்டுவிட்டு மலையை எதற்கு எழுதுவார்கள்?

ஆபீஸில் போய் ஆர்டரோடு வந்த தாளை வாங்கிப் பார்த்தாள். 9.14க்கு முன்னால் மயிரிழைபோல ஒரு கழித்தல் குறி. அதையும் சேர்த்துப் போட்டாள். நடு லிஸ்பன். தெருத்தெருவாக ஊர் விரிந்தது.

கண்டுபிடித்த மகிழ்ச்சி ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. பனியனில் அந்தக் குறி இல்லை; சரி என்று போட்ட கையெழுத்து அவளுடையது. அதற்குள் நானூறு பீஸ் ஓடியிருந்தது. வாயைத் திறந்தால் செக்கிங் வேலை போகும். திறக்காவிட்டால் ஆர்டரின் இரண்டாயிரம் பீஸும் இப்படியே போகும்.

அச்சு வலையான ஸ்கிரீனைத் தயாரிக்கும் ஜெபக்குமாரிடம் கேட்டாள். மை கசியாமல் அதில் விழும் ஊசித்துளைகளைத் தூரிகையால் அடைப்பது அவன் வேலை. அந்தக் கழித்தல் குறியையும் கீறல் என்று நினைத்து அடைத்திருந்தான்.

"நான் அடைச்சேன் சரி, நீ என்னத்தைப் பாத்துக் கையெழுத்துப் போட்ட?" என்றான்.

அவள் போய் மேசையை நிறுத்தச் சொன்னாள்.

அர்த்தநாரி வந்தார். கோபத்திலும் மரியாதை குறையாத மனுஷர். "ஏனுங்க நதியா, அந்தக் கோடு இல்லீன்னா ஆருக்குங்க தெரியப்போகுது?"

"அந்த ஊர்க்காரனுக்குத் தெரியும்லா முதலாளி. அவன் ஊரைக் கடலுக்குள்ள கொண்டு போட்ருக்கோம்."

கோடு மட்டும் உள்ள ஒரு சின்ன ஸ்கிரீன் தயாரானது. நானூறு பனியனும் ஒவ்வொன்றாகத் திரும்ப மேசை ஏறி இறங்க மாலையாகிவிட்டது. அர்த்தநாரி செக்கிங்கை, மடிப்பு வேலை பார்த்த பழனாயியிடம் கொடுத்து, நதியாவை மடிப்புக்கு அனுப்பினார்.

மறுநாள் சாம்பல் நிற பனியன், வேறு எண்கள். பழனாயி முதல் பீஸோடு மடிப்பு மேசைக்கு வந்து நின்றாள்.

"இது எந்த ஊருன்னு பாத்துச் சொல்லு கண்ணு. அப்புறந்தான் கையெழுத்து."

இரண்டு எண்ணுக்கும் முன்னால் கோடு இருந்தது. அப்படியென்றால், நேற்று மேப்பில் துழாவித் தெரிந்துகொண்டபடி, பூமத்திய ரேகைக்குக் கீழே, லண்டனுக்கு மேற்கே. எந்தக் கண்டம் என்று மனதுக்குள் ஊகித்த பிறகுதான் நதியா போனை எடுத்தாள்.