ஒரு சாண் பள்ளம்

சங்கிலியம்மாளின் நிலத்தில் பைப் பதிக்க நான் நேரில் போய்ச் சம்மதம் கேட்கவில்லை, ஆள் விட்டுத்தான் கேட்டேன். நேரில் போனால் மதிப்புக் குறைந்துவிடும் என்று ஒரு நினைப்பு. மூன்று வருடத்துக்கு முன் அவளுடைய ஆடு என் பன்னீர் திராட்சையில் முப்பது குருத்தைக் கடித்துவிட்டது. அன்றைக்கு சுருளிப்பட்டி நடுத்தெருவில் நின்று, 'உன் கிணற்றுத் தண்ணீர் பட்டால்கூட என் கொடி கருகிப் போகும்' என்று கத்தியிருந்தேன். அடுத்த வருட வறட்சியிலும் திராட்சைப் பந்தலைக் காப்பாற்றிய விவசாயி என்று பெரியகுளத்தில் ஒரு கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அங்கே இருபது நிமிடம் பேசினேன். கொடிக்குத் தாகத்தைப் பழக்க வேண்டும் என்பது என் கொள்கை. கைதட்டினார்கள். அப்படிப்பட்ட ஆள் போய் ஆடு மேய்க்கிறவள் வாசலில் நிற்பதா?

ஆனால் பந்தல் வாடிக்கொண்டிருந்தது. கிணறு கீழே ரோட்டோரம், பந்தல் மேலே, நடுவில் அவள் நிலம். பைப் வண்டிப் பாதையோரமாக ஊரைச் சுற்றி வருகிறது. ஒரு வருடமாக நான்கு மணி நேரம் மோட்டார் ஓடினால் இரண்டு மணி நேரத் தண்ணீர்தான் வந்து சேர்ந்தது. மெக்கானிக்கைத் திட்டினேன். கிணற்றுக்குள் இருக்கும் புட்வால்வை மாற்றினேன். கடைசியில், ஏழரை நடக்கிறது என்று ஒருவர் சொல்ல, ஏழு சனிக்கிழமை குச்சனூர் போய் எள் தீபம் போட்டேன். என் மனைவி அனுசுயாவும் வாராவாரம் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்து, என்னைவிட அதிக நேரம் கண்ணை மூடி நின்றாள். சனி பகவான் அசையவில்லை. இப்போது காய் மிளகு அளவில் நிற்கிற பருவம். பதினைந்து நாளைக்குள் முழுத் தண்ணீர் கிடைக்காவிட்டால் குலை மொத்தமும் சூம்பிப் போகும். குறுக்கே நானூறு அடிக்குப் புது பைப் போட்டால் பிழைக்கும்.

சங்கிலியம்மாள் முடியாது என்று சொல்லவில்லை. தன் கையால் ஒரு சாணுக்கு மேல் பள்ளம் அகலக்கூடாது, ஒரு விரல் கூடினாலும் மூடிவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். டீக்கடையில் எல்லாரும் சிரித்தார்கள். ஜேசிபி வாளியே இரண்டடி. மம்பட்டிக்காரன் இறங்கி நிற்க ஒன்றரை அடியாவது வேண்டும். முடியாது என்பதைத்தான் சுற்றி வளைத்துச் சொல்லியிருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அந்தக் கோபத்தில்தான் உத்தமபாளையம் ரபீக்கைத் தேடிப் பிடித்தேன்.

ரபீக்கின் டிராக்டருக்குப் பின்னால் ஒரு நீளமான இரும்புக் கை. அதைச் சுற்றிப் பல் வைத்த செயின் ஓடும். கேபிள் பதிக்கிறவர்கள் கூப்பிடும் மெஷின். மூன்றடி ஆழம், ஆறே அங்குல அகலம். நத்தை வேகத்தில் முன்னால் ஓட்டிக்கொண்டே பின்னால் செயினைப் பார்க்க வேண்டும் என்பதால் ரபீக்குக்குக் கழுத்து நிரந்தரமாகத் திரும்பிவிட்டது. நம்மோடு பேசும்போதும் பின்னால் வேறு யாரிடமோ பேசுகிற மாதிரியே இருப்பான்.

புதன்கிழமை காலை பத்தடி வெட்டியதும் சங்கிலியம்மாள் நிறுத்தச் சொன்னாள். குத்த வைத்து உட்கார்ந்து பள்ளத்துக்குள் கையை விரித்தாள். கட்டை விரல் ஒரு சுவரில் இருக்க, சுண்டு விரல் மறுசுவரில் மடங்கியது. இன்னும் இரண்டு இடத்தில் அளந்தாள். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் பொன்னாடை அன்றைக்குக்கூட இல்லை.

எழுந்தவள், மூன்றாவது முருங்கை மரத்துப் பக்கம் மட்டும் செயினைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போகச் சொன்னாள். தோற்றவளின் வீம்பு என்று நினைத்தேன். நேராகப் போகச் சொன்னேன். ரபீக் போனான்.

மூன்றாவது மரத்தருகே செயின் ஒரு மாதிரி கரகரத்தது. வெள்ளைச் சில்லுகள் பறந்தன. அடுத்த நொடி ஆள் உயரத்துக்குத் தண்ணீர் பீய்ச்சி ரபீக்கையும் சீட்டையும் குளிப்பாட்டியது. அந்த நிலத்தில் பைப்பே கிடையாது. அவள் கிணறு வற்றி ஒரு வருடமாகிறது. எனக்குச் சந்தேகம் தட்டியது. என் கிணற்றடியில் இருந்த அனுசுயாவுக்குப் போன் போட்டு மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். தண்ணீர் நின்றது. போடச் சொன்னேன். வந்தது. மூன்று தடவை இப்படிச் செய்தேன். ஒரு தடவையே போதும், ஆனால் ஒவ்வொரு தடவையும் சங்கிலியம்மாள் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

நான் கத்த ஆரம்பித்தேன். திருடி என்றேன். போலீஸ் என்றேன். குச்சனூருக்குப் போய் வந்த பெட்ரோல் கணக்கைக்கூடச் சொன்னேன். அவள் முருங்கை நிழலில் உட்கார்ந்து முழுதும் கேட்டாள். அனுசுயா எக்ஸ்எல் வண்டியில் வந்து இறங்கியதும் அவளுக்காக முதலிலிருந்து மறுபடியும் கத்தினேன். அவள் அதிர்ச்சி அடையவில்லை. குனிந்து, பைப் எவ்வளவு நீளத்துக்கு உடைந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் என் குரல் தானாக இறங்கியது.

"இந்தப் பைப்புல மொதல்ல தண்ணி இங்கனயிருந்து ஒன் பந்தலுக்குத்தான்ப்பா போச்சு," என்றாள் சங்கிலியம்மாள். "நீ அந்த வறட்சியில கால் ஒடஞ்சு மதுரையில கெடந்தயில்ல, அப்ப."

மீதியை அனுசுயா சொன்னாள். நான் ஆஸ்பத்திரியில் இருந்த இருபது நாளும் எங்கள் மோட்டார் எரிந்து கிடந்திருக்கிறது. பந்தலில் காய் நிறைய. அவள் சங்கிலியம்மாளிடம் போய்க் கேட்டிருக்கிறாள். அன்றைக்கே நான்கு பெண்கள் மம்பட்டியால் தோண்டி, இந்தப் பைப்பைப் பாதையோர பைப்பில் சேர்த்திருக்கிறார்கள். இருபது நாளும் சங்கிலியம்மாள் கிணற்றுத் தண்ணீர்தான் என் கொடிக்குப் போயிருக்கிறது. இங்கே போட்டிருந்த அவரைச் செடி காய்ந்துவிட்டது. மறு கோடையில் இந்தக் கிணறு வற்ற, அனுசுயா அதே பைப்பில் எங்கள் தண்ணீரில் பாதியை இந்தப் பக்கம் திருப்பிவிட்டாள்.

ஏன் சொல்லவில்லை என்று அனுசுயாவைக் கேட்டேன்.

"தண்ணி பட்டாக் கருகிரும்னு தெருவுல நின்னு சொன்னீகள்ல. சொல்லியிருந்தா வீம்புக்குக் கொடிய வெட்டியிருப்பீக."

வெட்டியிருப்பேன். அது எனக்கே தெரிந்ததால், குச்சனூருக்கு மட்டும் ஏன் ஏழு வாரமும் கூட வந்தாய் என்று கேட்டேன்.

"நீங்க சனி வெலகணும்னு வேண்டுனீக. நான் பைப்பு வெடிக்கக் கூடாதுன்னு வேண்டுனேன்."

பெரியகுளத்து இருபது நிமிடமும் வார்த்தை மாறாமல் எனக்கு ஞாபகம் வந்தது. தாகத்தைப் பழக்கினேனாம்.

ரபீக் சட்டையைப் பிழிந்துகொண்டே, மேலே வெட்டவா, செயினைத் தூக்கவா என்று முருங்கை மரத்தைப் பார்த்துக் கேட்டான். பந்தல்வரை வெட்டச் சொன்னேன். புது பைப் வந்ததும் இந்த இடத்தில் மூன்று வாய் உள்ள டீ இணைப்பு ஒன்று போட்டு, ஒரு வாய் சங்கிலியம்மாக்கா பக்கம் விடவேண்டும் என்றும் சொன்னேன். அக்கா என்று வந்துவிட்டது. யாரும் அதைக் கவனித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

அதுவரைக்கும் உடைந்ததை ஒட்டியாக வேண்டும். அனுசுயா வண்டிப் பையிலிருந்து துண்டுப் பைப்பும் கப்ளிங்கும் ஒட்டுகிற சொல்யூஷனும் எடுத்தாள். எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் வந்திருக்கிறாள். சங்கிலியம்மாக்கா மம்பட்டியை நீட்டி, அந்த இடத்தில் கொஞ்சம் அகலமாக வெட்டிக்கொள்ளச் சொன்னாள். ஒரு சாண் என்றால் ஒரு சாண்தான் என்று சொல்லிவிட்டு, அவள் காலடியில் சேற்றில் குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டேன். அப்படிப் படுத்தால்தான் எட்டியது.

பைப் ஈரமாக இருந்தால் சொல்யூஷன் பிடிக்காது. துணி கேட்டுக் கையை மேலே நீட்டினேன். அனுசுயா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பச்சை நிறம், ஓரத்தில் தங்க ஜரிகை. பெரியகுளத்தில் போர்த்தியது.

அதை வைத்தே துடைத்தேன். ஜரிகை தண்ணீரை உறிஞ்சவில்லை. இரண்டு தடவை துடைக்க வேண்டியிருந்தது.