ஆறு சாண் கட்டை

பாத்திரக்கடைக்காரருக்குப் பளபளப்பு என்றால் உயிர். கூண்டுக்குள் கோழிகள் ஏறி அடைவதற்குக்கூடக் கடையிலிருந்த எவர்சில்வர் குழாயைத்தான் குறுக்கே மாட்டினார். அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம்.

அவருடைய அக்கா மாடி வீட்டுக்குக் குடிபோகிறாள். அவள் வளர்த்த ஆறு கோழிகளுக்குத் தம்பியான இவரும் சித்தப்பாவும் போட்டி போட்டார்கள். அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள்: "நாளைக்குப் பொழுது சாயக் கொண்டாந்து விடுவேன். ஆறும் மேல ஏறி அடைஞ்சா உனக்கு. ஒன்னு கீழ படுத்தாலும் ஆறும் சித்தப்பாவுக்கு."

அவர் ஒரு கோழியை மட்டும் முன்னாலேயே கேட்டு வாங்கி வந்திருந்தார். வியாபாரி அல்லவா, சாம்பிள் பார்க்காமல் சரக்கு எடுப்பாரா? தூக்கிக் குழாய்மேல் உட்கார வைத்தார். கோழி கடிகார முள் மாதிரி மெல்லச் சாய்ந்து, தலைகீழாகத் தொங்கி, தொப்பென்று விழுந்தது. எழுந்து நேராக, கீழே முட்டையிடுவதற்காக வைத்திருந்த பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

தையல் மெஷினை விட்டு எழுந்து வந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "அது என்ன ரப்பர் செருப்பா போட்டிருக்கு, வழுக்காம நிக்க? மரமா பாருங்க. தட்டையா இருக்கணும், பாதத்தை ஊனி உக்காரட்டும். பெட்டியைவிட உசரமா வைங்க. உசந்த இடத்தை விட்டுட்டு யார் கீழ படுப்பா?"

மறுநாள் மதியமே கடையைச் சாத்திவிட்டு மரக்கடைக்கு ஓடினார்.

"கட்டை எதுக்குங்க, கட்டிலுக்கா?" என்றார் மரக்கடைக்காரர்.

"தூங்கத்தான்."

"எத்தனை பேரு?"

"ஆறு பேரு. எல்லாம் பொம்பளைங்க."

மரக்கடைக்காரர் அளவுநாடாவைக் கீழே வைத்துவிட்டார். கோழி என்று புரியவைத்து, நாலு விரல் அகலத்தில் ஒரு கட்டையைப் பேரம் பேசி வாங்கி வருவதற்குள் மணி மூன்று.

"ஏணி மாதிரி மூணு படியா வெப்போமா? பாக்க லட்சணமா இருக்கும்" என்றாள் மனைவி.

"வேண்டவே வேண்டாம். நம்ம கடையில வந்து பாரு. ஒரே குண்டான் கீழ்த்தட்டுலயும் இருக்கும், மேல்தட்டுலயும் இருக்கும். அத்தனை பேரும் மேல இருக்கறதைத்தான் எடுக்கச் சொல்வாங்க. மேல்படிக்கு ஆறும் அடிச்சுக்கும். எல்லாருக்கும் ஒரே உசரம்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "பரவாயில்லையே, கடையில ஈ மட்டும் ஓட்டலை போல."

ஆளுக்கு ஒரு சாண் என்று கணக்குப் போட்டு ஆறு சாணில் அறுத்தார்கள். அவள் உப்புத்தாளால் விளிம்பை மழுங்கத் தேய்த்தாள். குழாயைக் கழற்றிவிட்டு, கட்டையைப் பின்சுவரில் வால் இடிக்காதபடி தள்ளி வைத்து, இரண்டு முனையிலும் திருகாணி இறக்கினார். மதியச் சாப்பாட்டை இரண்டு பேருமே மறந்திருந்தார்கள்.

வெயில் சுவரேறும் நேரத்தில் மற்ற ஐந்தோடு அக்கா வந்தாள். கோழிகளைக் கூண்டுக்குள் விட்டுவிட்டு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

வெளிச்சம் குறையக் குறைய முதல் கோழி கழுத்தை நீட்டி அளவெடுத்தது, தாவியது. பிறகு இன்னும் இரண்டு. நேற்று விழுந்த சாம்பிளும் ஏறியது, அதன் பின்னால் இன்னொன்றும். ஐந்து. ஆறாவதுதான் கூட்டத்துக்குத் தலைவி. அவள் முட்டைப்பெட்டி வாசலில் நின்று உள்ளே தலையை விட்டாள். மனைவி பாத்திரக்கடைக்காரரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

தலைவி தலையை வெளியே எடுத்தாள். படபடவென்று எழும்பி நட்டநடுவில் இறங்க, மற்ற ஐந்தும் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்து இடம் விட்டன.

அக்கா எழுந்தாள். "முட்டையில பாதி எனக்கு."

"கால்வாசி" என்றார் அவர், யோசிக்காமலே.

"கதவை மெதுவா சாத்துடா. தூங்கறாங்க."