முன்பே பூசிய களிம்பு

காலை ஏழு ஐம்பது. மருத்துவமனைக் கழிவறையைத் தாழிட்டுவிட்டு அவள் களிம்பைத் திறந்தாள். முழங்கை, தோள், தொடை, முதுகில் கை எட்டும் தூரம். சொரியாசிஸ் செதில்கள் தோலோடு படியும்வரை தேய்த்தாள்.

முதல் நாளே சொல்லியிருந்தார்கள். களிம்பு ஒளி காட்டிய பிறகுதான். முன்னால் பூசினால் ஒளி தோலுக்குள் இறங்காது. அவளும் தலையாட்டினாள். ஆனால் அன்று, அவளுக்கு முன்னால் ஒளி காட்டும் கூண்டில் நின்றவர் உதிர்த்துவிட்டுப் போன செதில்களைப் பெருக்கியபடி துப்புரவுக்காரி, "மனுசனா, வெள்ளையடிச்ச செவுரா?" என்று சிரித்தாள். அடுத்த முறையிலிருந்து இந்தக் கழிவறை. வேலை பார்க்கும் துணிக்கடையில் ஏற்கெனவே அவளைக் கறுப்புத் துணிப் பகுதியிலிருந்து வெள்ளைக்கு மாற்றியிருந்தார்கள். காரணம் யாரும் சொல்லவில்லை.

பதினெட்டு முறை ஆகிவிட்டது. திட்டுகள் அப்படியே இருந்தன.

கூண்டை இயக்குபவளை நோயாளிகள் விளக்கம்மா என்பார்கள். கறுப்புக் கண்ணாடியை நீட்டினாள்.

"எல்லாருக்கும் இந்நேரம் கொஞ்சமாவது அடங்கும். விளக்கு பழசாயிடுச்சோன்னு எழுதிக் குடுத்தேன். விளக்கு நல்லாத்தான் இருக்கு, உனக்குத்தான் நேரம் வைக்கத் தெரியலன்னு டாக்டர் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டார். இருபது வருசமா இதே வேலைம்மா எனக்கு." சிரிக்கப் பார்த்தாள். "போங்க. இன்னும் பத்து செகண்டு ஏத்தியிருக்கேன்."

கதவு மூடியது. சுற்றிலும் குழல்கள் நீலமாக எரிந்தன. கண்ணாடிக்குள் கண்ணை மூடிக்கொண்டாள். மினுமினுக்கும் தன் தோல் மூடிய கண்ணுக்குள்ளும் தெரிந்தது.

"அக்கா, நிறுத்துங்க."

குழல்கள் அணைந்தன. கதவு திறந்தது.

"சுடுதா?"

"இல்ல. உங்க மேல தப்பில்லக்கா. நான் களிம்பு பூசிட்டு வரேன்."

"இன்னைக்கா?"

"ஒவ்வொரு தடவையும்."

விளக்கம்மா அவள் தோளில் ஒரு விரலை வைத்து இழுத்தாள். விரலைப் பார்த்தாள். புடவைத் தலைப்பில் துடைத்தாள். அறை வாசலில் துப்புரவுக்காரி துடைப்பத்தோடு நின்றிருந்தாள். விளக்கம்மா போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அது தெரியாமதானே நேரத்த ஏத்திக்கிட்டே போனேன். ஒரு நாள் பூசாம வந்து நின்னிருந்தா வெந்து போயிருப்பியே."

அவள் துண்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். துண்டும் பிசுபிசுத்தது.

விளக்கம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"வீட்டுக்காரருக்காவது உடம்பக் காட்டியிருக்கியா?"