ரேடியேட்டரில் பதநீர்

எங்கள் வீட்டுக்காரருக்குச் சந்தியாவந்தனம் ஒரு வேளை தவறினாலும் தவறும், காரின் ஜாதகத்தை ஒப்பிக்காமல் பொழுது போகாது. நாலு சிலிண்டர், தொள்ளாயிரத்துச் சொச்சம் சி.சி., கம்ப்ரஷன் ஏழுக்கு ஒன்று, கேலனுக்கு நாற்பது மைல். சிலிண்டர்கள் வெடிக்கிற வரிசை ஒன்று, மூன்று, நாலு, இரண்டு. வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன்னால் இதெல்லாம் வந்துவிடும். வந்தவர்கள் தலையை ஆட்டிவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

அவர் பெயர் சக்ரபாணி. ஆழ்வார்திருநகரிக்காரர், தூத்துக்குடிப் புதுத் துறைமுகத்தில் இன்ஜினீயர். நான் பூமா. துறைமுகம் திறந்த மறு வருஷம் நடந்ததைத்தான் சொல்கிறேன்.

காரின் பெயரைச் சொல்லமாட்டேன், செய்தவர்கள் மேல் தப்பில்லை. துறைமுகம் கட்ட வந்த யாரோ ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது தள்ளிவிட்டுப் போன பழைய வண்டி. எங்கள் ஊர் உப்புக் காற்றில் கிடந்தால் அதுதான் என்ன செய்யும்? விடிந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் கோத்திருக்கும். பிளக்கில் கரி பிடித்திருக்கும். அந்தப் பிளக்குகளை நான் தளிகை பண்ணும் அடுப்பிலேயே போட்டுச் சுடுவார். ஒரு பக்கம் பால் பொங்கும், மறுபக்கம் பெட்ரோல் நாறும். வெயில் ஏறினால் இன்னொரு கூத்து. டாங்கிலிருந்து எஞ்சின் பக்கத்துப் பம்ப்புக்குப் போகிற வழியிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடும், வண்டி விக்கி விக்கி நிற்கும். பம்ப்பின் மேல் ஈரத்துணி சுற்றினால்தான் மறுபடி கிளம்பும். புதிதாக வாங்கி வைத்திருந்த என் ரவிக்கைத் துணி ஒன்று அப்படித்தான் போயிற்று.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னால் பொறுக்க முடியாமல் போனது சாவி விஷயம்தான்.

என் அப்பா அம்பாசமுத்திரத்தில் டாக்டர். நோயாளி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் என்னைத்தான் காரை ஓட்டச் சொல்வார். கல்யாணத்துக்கு முன்பே லைசென்ஸ் வாங்கிவிட்டேன். அது அப்போது பெட்டியில் கூறைப் புடவைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது. கார்ச் சாவியோ இவருடைய பூணூலில் தொங்கும். வண்டி ஓட்டும்போது தவிர, குளிக்கும்போதுகூட அவிழ்க்கமாட்டார். கேட்டால், இந்த எஞ்சினுக்கு ஒரு கைதான் பழக்கம், வேறு கை பட்டால் கிளட்ச் தேய்ந்துவிடும் என்பார். வாரத்துக்கு ஒரு தடவையாவது இதற்காக எங்கள் வீட்டில் பாத்திரம் உருளும்.

அந்த வைகாசியில் அவருடைய ஃபோர்மேன் இனிகோவின் மகளுக்கு மணப்பாட்டில் புதுநன்மை. கோயிலில் முதல் நற்கருணை வாங்குகிற விசேஷம், எங்களையும் அழைத்திருந்தார். கிளம்பும்போது நான் பந்தயம் கட்டினேன்.

"போயிட்டு வர வழியில எஞ்சின் ஒரு தடவை அணைஞ்சாலும் சாவி எனக்கு. அணையலைன்னா இனிமே அதைப் பத்திப் பேசவே மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவர் முகம் மலர்ந்தது. என்னை வாயடைக்க வைக்க அவருக்கு அதைவிட நல்ல வழி கிடைக்கப்போவதில்லை. பாயிண்ட்டைத் தேய்த்து இடைவெளி பார்த்தார், ஃபேன் பெல்ட்டை இறுக்கினார், ஒரு தகர டப்பாவில் தண்ணீரும் எடுத்துக்கொண்டார்.

போகும்போது அந்தச் சனியன் பட்டுப் போலப் போயிற்று. திருச்செந்தூர் தாண்டி, உடன்குடி தாண்டி, மணப்பாட்டுக் கடற்கரைக்குப் போய்ச் சேரும்வரை ஒரு இருமல்கூட இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. இனிகோ வீட்டில் எங்களுக்கென்று தனியாக வைத்திருந்த வாழைப்பழமும் சர்பத்தும் சாப்பிட்டோம். வெள்ளைக் கவுனில் அந்தப் பெண் குழந்தை அழகாக இருந்தது. நானோ பாதிப் பந்தயம் போய்விட்ட துக்கத்தில் இருந்தேன்.

புறப்படும் முன் டப்பாத் தண்ணீர் முழுவதையும் இவர் பம்ப்புத் துணிமேல் ஊற்றிவிட்டார். இனிகோ பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயா, நம்ம கெணத்துல ரொப்பிக்கிடுங்க. தேரிக்காட்டுல வெயிலு கொதிக்கி" என்றார். கடலோரக் கிணறு, உப்புத் தண்ணீர் ரேடியேட்டரை அரித்துவிடும் என்று இவர் மறுத்துவிட்டார். காலி டப்பாவோடு கிளம்பினோம்.

உடன்குடியைத் தாண்டியதும் தேரிக்காட்டுச் செம்மணலைக் காற்று ரோட்டின்மேல் வாரிப் போட்டிருந்தது. இரண்டாவது கியரில் ஊர்ந்தோம். காற்று பின்னாலிருந்து அடித்ததால் ரேடியேட்டருக்குக் காற்றே இல்லை. வெப்பம் காட்டும் முள் மெல்ல ஏறிச் சிவப்பில் போய் உட்கார்ந்தது. பானெட்டுக்குள்ளிருந்து ஆவி வந்தது. பனங்காட்டோரம் ஒரு ஓலைக் கொட்டகை தெரிந்தது. அங்கே ஓரம் கட்டினார். ஆனால் எஞ்சினை மட்டும் அணைக்கவில்லை.

"எஞ்சின் ஓடிண்டுதான் இருக்கு, நன்னாப் பார்த்துக்கோ" என்றார்.

பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். துண்டைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். ஆவி ஒரே வீச்சாக அடித்து வலது உள்ளங்கையைச் சுட்டுவிட்டது. ஐயோ என்று நான் கத்திய சத்தத்தில் கொட்டகையிலிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். தங்கத்தாய் என்று பெயர். பதநீர் காய்ச்சிக்கொண்டிருந்தவள். குடிக்க வைத்திருந்த பானைத் தண்ணீர் முழுவதையும் அவர் கைமேலேயே ஊற்றிவிட்டாள், பாவம். எரிச்சல் கொஞ்சம் அடங்கியது. ஆனால் ரேடியேட்டருக்கென்று ஒரு சொட்டு மிச்சமில்லை. கிணறு தோப்புக்கு அந்தக் கடைசியில் இருந்தது. தங்கத்தாயின் தங்கை பேச்சித்தாய் இரண்டு குடங்களோடு கிளம்பினாள்.

எஞ்சினை அணைத்துவிட்டு நிழலில் உட்கார்ந்திருந்தால் தண்ணீர் வந்திருக்கும். அணைத்தால்தான் பந்தயம் போய்விடுமே! மனுஷர் சுற்றுமுற்றும் பார்த்தார். கொட்டகை வாசலில் பானை பானையாகப் பதநீர் இருந்தது. ஒரு பானை வேண்டும் என்று கேட்டார். தாகத்துக்குத்தான் கேட்கிறார் என்று தங்கத்தாயும் எடுத்துக் கொடுத்தாள். அதை இடது கையால் அணைத்துக்கொண்டு காரை நோக்கி நடந்தார்.

"வேண்டாம்னா, காய்ஞ்சா அது பாகாயிடும்."

"பத்துல ஒன்பது பங்கு தண்ணிதான்டீ இதுல" என்று சொல்லிக்கொண்டே பானையை அப்படியே கவிழ்த்துவிட்டார். தங்கத்தாய் வாயைத் திறந்தவள் மூடவில்லை.

காரில் ஏறினோம், சுட்ட கையோடு அவரே ஓட்டினார். முள் கொஞ்சம் இறங்கியது. பார்த்தாயா என்பது போல என்னைப் பார்த்தார். தோப்பின் முனைகூட வரவில்லை, ஒரு மணம் வந்தது. உடன்குடிச் சந்தையில் கருப்பட்டிச் சிப்பத்தைப் பிரித்தால் வருமே, அதே மணம். எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. அடுத்த நிமிஷம் பானெட் இடுக்கிலிருந்து நுரை பொங்கிக் கண்ணாடிமேல் வழிந்தது. எஞ்சின் இரண்டு தடவை செருமிவிட்டு நின்றுபோயிற்று. பனையோலைச் சத்தம் மட்டும் கேட்டது.

"அணைஞ்சுடுத்து" என்றேன் மெதுவாக.

அதற்குள் தங்கத்தாய் பின்னாலேயே ஓடிவந்துவிட்டாள். குடத்தோடு வந்துகொண்டிருந்த தங்கையைக் கூப்பிட்டாள். "ஏளா பேச்சி, இங்கன வந்து பாரு. காருக்குள்ள கருப்பட்டி காய்ச்சுதாவ." பிறகு என்னிடம் திரும்பி, ரொம்ப அக்கறையாக, "ஆமணக்குக் கொட்டைய நசுக்கிப் போடணும்மா, இல்லன்னா பொங்கத்தான் செய்யும்" என்றாள்.

அவ்வளவுதான். நான் மணலில் உட்கார்ந்து சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்த அக்காவும் தங்கையும் என் பக்கத்திலேயே உட்கார்ந்து சிரித்தார்கள். நிமிர்ந்து பார்த்தால் இவர் ஒற்றைக் கையில் கம்பியை வைத்துக்கொண்டு ரேடியேட்டரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. "போச்சுடி பூமா, எஞ்சினே போச்சு" என்றார். சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு அவர் மேல் அப்படி ஒரு பரிதாபம் வந்தது.

பாகு பிடித்த உருளியை யாராவது சுரண்டுவார்களா? கம்பியைப் பிடுங்கிப் போட்டேன். குடத்துத் தண்ணீரைத் தங்கத்தாயின் அடுப்பில் காயவைத்தோம். எஞ்சின் சூடு தணிந்ததும் ரேடியேட்டரின் அடித் திருகை நான் திறந்தேன். பழுப்பாக, கெட்டியாக ஒழுகியது. எங்கிருந்தோ ஒரு நாய் வந்து அதை நக்கிப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

இனி வெந்நீரை ஊற்றி எஞ்சினை ஓட்ட வேண்டும், வடிக்க வேண்டும், மறுபடி ஊற்ற வேண்டும். நுரை எல்லாவற்றையும் நனைத்திருந்ததால் பிளக் வயர்களையும் துடைத்தேன். கிளப்பச் சாவி வேண்டும். எஞ்சின் நின்றதுமே வழக்கம்போல அதை உருவி, பல்லால் இழுத்துப் பூணூலில் முடிந்துவிட்டிருந்தவர், இப்போது இடது கையால் அந்த முடிச்சோடு மல்லாடிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு கிட்டே போய் நானே அவிழ்த்தேன். அவர் தடுக்கவில்லை. தங்கத்தாய் பனைமரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவினோம். எஞ்சின் ஒரே பிடியில் கிளம்பியது. தங்கத்தாய் ஒரு ஓலைப்பட்டை நிறையப் பதநீர் கொடுத்து, "இது வயித்துக்கு, காருக்கில்ல" என்றாள்.

நான் ஓட்டினேன். கியரை மாற்று, ஹாரனை அடி, முள்ளைப் பார் என்று இவர் பக்கத்தில் உட்கார்ந்து உயிரை எடுத்தார். ஒன்றும் காதில் விழவில்லை. ஆறுமுகனேரி உப்பளத்துக் குவியல்கள் வெயிலில் மினுங்கின. கடற்காற்று முகத்தில் அடித்தது. ஸ்டியரிங் அதிர்வது தோள்வரைக்கும் தெரிந்தது. அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான். ஆத்தூர்ப் பாலத்தில் பாதி போயிருப்போம், எதிரே உப்பு லாரி வந்துவிட்டது. லாரிக்காரர் நகர்வதாக இல்லை. இவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் பாலத்தின் கடைசிவரை ரிவர்ஸிலேயே நேராக எடுத்து லாரிக்கு வழிவிட்டேன். அதன் பிறகு தூத்துக்குடி வரும்வரை இவர் முள்ளைக்கூடப் பார்க்கச் சொல்லவில்லை.

மறுநாள் காலை பானெட்டைத் திறந்தால் எறும்பு. சிலிண்டர் வரிசைப்படி அணிவகுத்துப் போய்க்கொண்டிருந்தது. துறைமுகக் குவார்ட்டர்ஸ் முழுக்க வந்து வேடிக்கை பார்த்தது.

கை ஆறும்வரை அவரை ஆபீசுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். சாவி என் இடுப்புக் கொத்தில் பீரோச் சாவியோடு இருந்தது. கட்டுப் பிரித்த அன்று காலை ஆபீஸ் உடையில் வாசலுக்கு வந்தார். விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார். நான் சாவிக்கொத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். பந்தயம் பந்தயம்தான். ஆனாலும் கேட்டால் கொடுத்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

பழக்க தோஷம், வலது பக்கக் கதவுவரை போனார். கைப்பிடியில் கைகூட வைத்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார். காரைச் சுற்றிக்கொண்டு வந்து இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

"வண்டி கிளம்பினதும் சோக்கை உள்ள தள்ள மறந்துடாதே" என்றார்.